வகுப்பறையில் யாரைப் பார்ப்பது?

சென்ற மாதம் ஒருநாள் மாலை, விழுப்புரம் கட்சி ஆபீசில் உட்கார்ந்து கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதிக் கொண்டிருந்தேன். ஒரு தோழரின் மகள் உள்ளே வந்தாள். தகப்பனார் சர்க்கரை ஆலைத் தொழிலாளி. தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இந்தப் பெண். இப்போது பி.எட். படிக்கிறாள். திண்டிவனம் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போய் வருகிறாள்.

கையில் அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று வைத்திருந்தாள். "மாமா, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்று நீட்டினாள்.

"நான் எஸ்.எஸ்.எல்.சி.யோட நின்னவன். பி.எட். நோட்டை நான் என்னம்மா திருத்தறது?" என்றேன்.

"திருத்த வேணாம் மாமா. படிச்சுட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும்" என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பல நாள் யோசித்தேன். அந்தக் கேள்வி அவளுக்கு மட்டும் உரியதல்ல. மில்லிலும் வயலிலும் பாடுபட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம் எல்லோருக்கும் உரியது. ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கம்

முதலில் விஷயத்தைச் சொல்லி விடுகிறேன். 2015 முதல் பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. முதல் வருஷம் நான்கு வாரமும், இரண்டாம் வருஷம் பதினாறு வாரமும் பள்ளிக்கூடத்தில் இருந்து பழக வேண்டும் என்பது விதி. தானே பாடம் நடத்துவதற்கு முன்னால், அனுபவமுள்ள ஆசிரியர் நடத்தும் வகுப்பில் கடைசியில் உட்கார்ந்து, பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். நல்ல ஏற்பாடுதான். மில்லில் புதிதாகச் சேர்ந்தவன் மெஷினில் கை வைப்பதற்கு முன் பழைய தொழிலாளியின் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லையா? அதைப் போலத்தான்.

எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு படிவம் இருக்கிறது. பாடத்தை ஆரம்பித்த விதம், விளக்கிய விதம், கேள்வி கேட்ட விதம், கரும்பலகையைப் பயன்படுத்திய விதம், பாடத்தை முடித்த விதம் என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மிக நன்று', 'நன்று', 'சுமார்' என்று எழுத வேண்டும். அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பியிருந்தாள். கரும்பலகை வேலைக்கு 'மிக நன்று' போட்டிருந்தாள்.

ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வேறு சில வரிகள் இருந்தன. அவற்றைத்தான் நான் படிக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள்.

ஏழாம் வகுப்பு. டீச்சர் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் முன்வரிசைப் பிள்ளைகளுக்கே போயின. பதிலும் அங்கிருந்தே வந்தது. கடைசி பெஞ்சில் இவளுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிஷமும் வாய் திறக்கவில்லை. ஆனால் கரும்பலகையில் இருந்த ஒவ்வொரு வரியையும் முத்து முத்தாகத் தன் நோட்டில் எழுதினாள். மணி அடித்ததும் இவள் அந்தச் சிறுமியிடம், "ரொம்ப அழகா எழுதியிருக்கியே, படிச்சுக் காட்டு" என்று சொன்னாள். சிறுமி தலையைக் குனிந்து கொண்டாள். எழுதத் தெரிந்தது, எழுதியதைப் படிக்கத் தெரியவில்லை. எழுத்தைச் சித்திரம்போலப் பார்த்து வரையக் கற்றிருக்கிறாள். இப்படியே ஏழாம் வகுப்புவரை வந்துவிட்டாள்.

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. அந்தச் சிறுமியின் தாய் தகப்பன் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். தை மாதம் முன்பணம் வாங்கிக் கொண்டு குடும்பத்தோடு செங்கல்பட்டுப் பக்கம் போனால், ஆனியில்தான் ஊர் திரும்புவது. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் அந்தச் சிறுமி இல்லை. எட்டாம் வகுப்பு முடியும் வரை யாரும் பெயிலாக்கப் போவதில்லை. ஆகவே அவள் எழுதுகிறாள், வகுப்பு ஏறுகிறாள், மறுபடி சூளைக்குப் போகிறாள்.

பென்சில் குறிப்பைப் படித்து முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "மாமா, இந்தப் படிவத்துல அந்தப் பொண்ணுக்கு இடமே இல்லியே. நான் எங்க எழுதறது? எழுதினா டீச்சருக்குக் கெட்ட பேர் வந்துடும். அவங்க ரொம்ப நல்லவங்க. எழுதாமப் போனா, நான் என்னத்தப் பார்த்தேன்னு அர்த்தம்?"

இதுதான் கேள்வி.

கடிகாரத்தோடு நிற்கும் மேஸ்திரி

மில் தொழிலாளித் தோழர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. ரிங் ஃபிரேமில் நிற்கிறவனுக்குப் பின்னால், கடிகாரமும் காகிதமுமாக ஒருவர் வந்து நிற்பார். இழை எத்தனை தடவை அறுந்தது, அதைப் பிணைக்க எத்தனை வினாடி ஆயிற்று, தண்ணீர் குடிக்கப் போனவன் எப்போது திரும்பினான் என்று எழுதிக் கொள்வார். அமெரிக்காவில் டெய்லர் என்ற எஞ்சினியர் 1911ல் இதற்கென்று ஒரு புத்தகமே போட்டு, 'விஞ்ஞான நிர்வாகம்' என்று பெயரும் சூட்டினார். தொழிலாளியின் கையசைவை அளந்து, இன்னும் அதிக வேலை வாங்குவதற்கு அது வழி காட்டியது.

அந்தக் காகிதத்தில் தொழிலாளியின் கைக்கு இடம் உண்டு. பஞ்சுக்கு இடம் கிடையாது. மட்டமான பஞ்சைப் போட்டதால் இழை அறுகிறது என்று எழுத அதில் ஒரு வரி இருக்காது. மெஷினுக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாயிற்று, ஒரு ஆளுக்கு எத்தனை ஃபிரேம் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கும் இடமில்லை. கடைசியில் பழி யார்மேல் விழும்? ஃபிரேமில் நிற்கிறவன்மேல்தான் விழும்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் படிவம் செய்கிற வேலையும் இதுதான். ஆசிரியையின் குரல், கை, கரும்பலகை இவற்றை அளக்கிறது. அவருக்கு எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளை, பாடம் போக எத்தனை வேலை என்று கேட்பதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது; 2010 ஏப்ரல் 1 முதல் அமலாயிற்று. அந்தச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை இருந்தால், இரண்டு ஆசிரியர் போதும் என்று அதில் இருக்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! ஒருவர் லீவு போட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இதற்கு மேல் கணக்கெடுப்பு வேலை, தேர்தல் வேலை, தினந்தோறும் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரங்கள். சட்டமே ஒரு ஆளுக்கு மூன்று ஃபிரேம் கொடுத்துவிட்டு, இழை ஏன் அறுகிறது என்று கேட்கிறது.

ஆகவே நான் முதலில் சொல்ல வேண்டியது இது: ஆசிரியர் நமக்கு எதிரியல்ல. அவரும் சம்பளத்துக்கு உழைக்கிறவர். 1957ல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் மந்திரிசபை இதை உணர்ந்திருந்தது. கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கொண்டு வந்த சட்டம், தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு சர்க்காரே நேரடியாகச் சம்பளம் கொடுக்கவும், மானேஜர்களின் தர்பாருக்குக் கடிவாளம் போடவும் வழி செய்தது. அதற்காகவே சாதி, மத ஸ்தாபனங்களும் பெரிய நிலச்சுவான்தார்களும் கிளர்ந்தெழுந்தார்கள். 1959 ஜூலையில் டில்லி அந்த மந்திரிசபையைக் கலைத்தது. ஆசிரியரின் வேலைக்குப் பாதுகாப்புக் கொடுக்க முனைந்தவர்கள் யார், அதை எதிர்த்தவர்கள் யார் என்பதற்கு இது சரித்திரச் சான்று.

அப்படியானால் வகுப்பறையைக் கவனிக்கவே கூடாதா? கவனிக்க வேண்டும். யாருக்காகக் கவனிக்கிறோம் என்பதுதான் விஷயம். வகுப்பறையைப் பார்க்கப் போனவர்கள் சரித்திரத்தில் பலவிதம். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

மணலில் எழுதிய பிள்ளைகள்

முதல் உதாரணம் நம் சென்னைப் பட்டணத்தில் நடந்தது. 1789ல் எழும்பூரில், கம்பெனிச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி ஏற்பட்டது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதற்கு மேற்பார்வையாளர். நம் ஊர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில், பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் போடுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் அவர் பார்த்தார். அதையே தம் விடுதியில் செய்து பார்த்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி 1797ல் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அங்கே பேர் பெற்றது.

வெள்ளைக்காரக் கனவான்களுக்கு அது ஏன் இனித்தது? ஒரே ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். சட்டாம் பிள்ளைகளை வைத்தே நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கலாம். காகிதச் செலவும் மிச்சம். ஆலைகள் பெருகிக் கொண்டிருந்த காலம் அது. தொழிலாளியின் பிள்ளைக்குக் கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு, நிறையக் கீழ்ப்படிதல் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். திண்ணையில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்கு உதவியதை அவர்கள் பார்த்தார்கள். அதில் செலவைக் குறைக்கும் வழி ஒன்றை மட்டும் எடுத்துக் கொண்டு போனார்கள்.

இரண்டாவது உதாரணம் மார்க்சின் 'மூலதனம்' நூலில் இருக்கிறது. ஆலையில் வேலை செய்யும் சிறுவர்கள் தினம் சில மணி நேரமாவது பள்ளிக்குப் போக வேண்டும் என்று இங்கிலாந்தில் 1833லும் 1844லும் சட்டங்கள் வந்தன. முதலாளிகள் பள்ளிக்கூடம் என்ற பேரில் ஏதோ ஒன்றை நடத்தி, சர்டிபிகேட் வாங்கி வைத்துக் கொண்டார்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் அந்த வகுப்பறைகளுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்ட வாத்தியார்களைக் கண்டார்கள். பதினைந்து அடி நீளம், பத்து அடி அகலமுள்ள ஒரு அறையில் 75 பிள்ளைகளை எண்ணினார்கள். அவர்கள் எழுதிய அறிக்கைகளை மார்க்ஸ் வரிவரியாகப் படித்து, 1867ல் உலகத்துக்குச் சொன்னார். சட்டம் காகிதத்தில் இருக்கிறது, பள்ளிக்கூடம் சர்டிபிகேட்டில் இருக்கிறது, கல்வி மட்டும் இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

1880ல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளிகளுக்காகச் சுமார் நூறு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார். உன் வேலை எப்படி, கூலி எவ்வளவு என்பதோடு, உன் தொழிலில் உள்ள சிறுவர்களுக்குப் பள்ளி உண்டா, அதை நடத்துவது யார், அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டார். இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், இன்ஸ்பெக்டர் பார்த்தது போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. தொழிலாளியே பார்த்து, தொழிலாளியே எழுத வேண்டும் என்றார்.

அப்பன் தொழிலைப் பார்க்கச் சொன்னவர்கள்

நம் மாகாணத்தில், பாட்டாளியின் பிள்ளையைப் 'பார்க்கும்' வேலைக்கே அனுப்பிய காலமும் உண்டு. 1953ல் ராஜாஜி மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைப் புகுத்தியது. பாதி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கூட இருந்து கற்றுக் கொள்ள வேண்டும். சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்குப் போகலாம். பண்ணையாளின் மகன் மாட்டின் பின்னால் போகலாம். வக்கீலின் மகன் பட்டணத்தில் முழு நேரமும் படிக்கலாம். 'குலக் கல்வி' என்று ஜனங்கள் அதற்குச் சரியான பேரைச் சூட்டினார்கள். திராவிடர் கழகமும் நம் இயக்கமும் மற்றும் பலரும் எதிர்த்துக் கிளம்பினார்கள். ராஜாஜி விலகினார். 1954ல் காமராஜ் முதல் மந்திரியாகி, அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்தப் பேய் ஒழிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட புதிய கல்விக் கொள்கையைப் படித்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் பயிற்சி. ஆறு முதல் எட்டு வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல், உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரர்களிடம் போய்ப் பழக வேண்டும் என்று இருக்கிறது. தொழிலை மதிக்கக் கற்றுக் கொடுப்பது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் கான்வென்ட் பிள்ளைக்கு அது பத்து நாள் வேடிக்கை. அந்தக் கடைசி பெஞ்சுச் சிறுமி ஏற்கனவே ஆறு மாதம் செங்கல் சூளையில் 'தொழில் பயிற்சி' பெற்று வருகிறாள். அவளுக்குத் தேவைப்படுவது புத்தகம்.

நம் ஜில்லாவின் நிலைமை

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 80 பேர். அப்போது கள்ளக்குறிச்சியையும் சேர்த்திருந்த விழுப்புரம் ஜில்லாவில் சுமார் 72 பேர்தான். பெண்களை மட்டும் எடுத்தால் சுமார் 63 பேர். இந்த ஜில்லாவின் மண்ணில் மூளை விளையாதா? காரணம் மண்ணல்ல. கரும்பு வெட்டுக்கும், சூளைக்கும், மரக்காணம் உப்பளத்துக்கும் கூலிக்குப் போகிற குடும்பங்கள் இங்கே அதிகம்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று பேர் போட்டு வரும் மல்லாட்டை ரகங்கள் திண்டிவனத்தின் பேரைத் தாங்கியவைதான். அங்கே ஆராய்ச்சி செய்பவர் எப்படிச் செய்கிறார்? விதை முளைக்கவில்லை என்றால் விதைத்த கூலியாளை மட்டும் திட்டிவிட்டுப் போவதில்லை. விதையை, மண்ணை, ஈரத்தை, பூச்சியைத் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக் கொள்கிறார். மல்லாட்டைக்குச் செய்கிற இந்த ஆராய்ச்சியை மனிதப் பிள்ளைக்குச் செய்யக் கூடாதா?

இருளர் குடும்பத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். பழங்குடி சாதிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது. சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோதான் கொடுக்க வேண்டும். தகப்பனுக்குச் சான்றிதழ் இருந்தால்தான் மகனுக்கு என்பார்கள். தகப்பன் பள்ளிக்கூடமே போகாதவன். அவனுக்கு ஏது சான்றிதழ்? பத்தாவது தேறிய பிள்ளை இந்த ஒரு காகிதத்துக்காக மேலே படிக்காமல் நின்று போகிறான். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல வருஷமாக இதற்காக மனு மனுவாகக் கொடுத்துப் போராடி வந்திருக்கிறார்கள். ஆஜர் பட்டியலில் ஒரு பேருக்கு எதிரே 'நின்று விட்டான்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஏன் நின்றான் என்று எழுத அங்கும் இடமில்லை.

யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதும் சாமானிய விஷயமல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகளைப் பேரின் எழுத்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் சிபாரிசுகளில் ஒன்று. கடைசி பெஞ்ச் தானாக உண்டாவதில்லை. ஊரில் உள்ள தெருக்களின் வரிசை வகுப்பறைக்குள்ளும் வந்து உட்கார்ந்து விடுகிறது என்பதை அந்தக் கமிட்டி உணர்ந்திருக்கிறது.

கொரோனா காலத்தில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2020 மார்ச்சிலிருந்து 2021 அக்டோபர் முடிய மூடிக் கிடந்தன. பிள்ளைகள் எழுத்தை மறந்தார்கள். 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் துவக்கி வைத்தது நம் ஜில்லாவில்தான். மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில். மாலையில் தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு அருகிலேயே பிள்ளைகளை உட்கார வைத்து இளைஞர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நம் வீட்டுப் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிள்ளையின் வீட்டைப் பார்த்தார்கள், அடுப்பைப் பார்த்தார்கள், ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டார்கள். இது நல்ல காரியம். ஆனால் ஆயிரம் ரூபாய்த் தொண்டரை வைத்து, நிரந்தர ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிடலாம் என்று எந்த சர்க்காரும் நினைத்தால், அது பழைய மதராஸ் முறைதான்.

கியூபா காட்டிய வழி

1961ல் கியூபா என்ன செய்தது? புரட்சி நடந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எழுத்தறியாமையை ஒரே வருஷத்தில் ஒழிப்போம் என்று காஸ்ட்ரோ அறிவித்தார். சுமார் ஒரு லட்சம் மாணவ மாணவிகள், பலர் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு லாந்தர் விளக்கோடு கிராமங்களுக்குப் போனார்கள். விவசாயியின் வீட்டிலேயே தங்கினார்கள். பகலில் அவர்களோடு வயலில் வேலை செய்தார்கள். இரவில் விளக்கைக் கொளுத்தி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வருஷத்தில் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த இளம் ஆசிரியர்கள் தங்கள் மாணவனின் கையில் உள்ள காய்ப்பை முதலில் பார்த்தார்கள். அதன் பிறகுதான் அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்தார்கள். அதனால் படிக்காதவனை மக்கு என்று எண்ண அவர்களுக்குத் தோன்றவில்லை.

நாம் செய்ய வேண்டியது என்ன?

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "எழுதும்மா. ஆனா டீச்சர் மேல குத்தமா எழுதாதே. பிள்ளை என்ன நிலைமையில இருக்குன்னு எழுது. எழுதினதை முதல்ல அந்த டீச்சர்கிட்டயே காட்டு."

காட்டினாளாம். அந்த ஆசிரியை படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "எனக்குத் தெரியாதா? தையில போவா, ஆனியில வருவா. நாலு வருஷமா நானும் எழுதிப் போடறேன். ஒரு வாத்தியார் எழுதினா யார் கேக்கறா?" என்றாராம்.

தோழர்களே, இந்த இடத்தில்தான் நம் வேலை வருகிறது. ஒரு வாத்தியார் எழுதினால் கேட்க மாட்டார்கள். ஊரே எழுதினால்?

ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21வது பிரிவு சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்க்கவும், என்ன வேண்டும் என்று திட்டம் போடவும் அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. படிக்காத நாம் பள்ளிக்கூடத்தில் போய் என்ன பார்ப்பது என்று பலர் ஒதுங்குகிறார்கள். அந்த இடத்தில் ஊர்ப் பெரிய மனிதரும் காண்டிராக்டரும் வந்து உட்காருகிறார்கள். ரசீது புத்தகம் படிக்கத் தெரியாத தொழிலாளி யூனியன் கமிட்டியில் உட்காரவில்லையா? கூலி குறைந்தால் அவனுக்குத் தெரியவில்லையா? அதுபோல, தன் பிள்ளை படிக்கிறதா இல்லையா என்பதும் தாய்க்குத் தெரியும்.

ஆகவே நம் சங்கங்கள், கிராமக் கிளைகள் இந்தக் காரியங்களை எடுத்துக் கொள்ள வேண்டும்:

ஒன்று: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூலிக்காரத் தாய்மார்கள் கட்டாயம் போக வேண்டும். அன்றைய ஒருநாள் கூலி போகிறது என்றால், பக்கத்து வீட்டார் முறை வைத்துப் போகலாம். வராத பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு பேருக்கும் எதிரே காரணம் எழுத வைக்க வேண்டும்.

இரண்டு: சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க அந்தந்தப் பருவத்தில் விடுதி வேண்டும். கூடப் போகும் பிள்ளைகளுக்கு வேலைத் தலத்திலேயே பள்ளி வேண்டும். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டி வைப்பது 1976ன் சட்டப்படி குற்றம் என்பதையும் முதலாளிகளுக்கு நினைவூட்ட வேண்டும்.

மூன்று: வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். காலி இடங்களை நிரந்தர வேலையில் நிரப்ப வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இதைக் கேட்கும்போது, சம்பளத்துக்குச் சண்டை போடுகிறார்கள் என்று முதலாளிப் பத்திரிகைகள் ஏசும். நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.

நான்கு: இருளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கே வந்து சாதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

ஐந்து: 'பி.எம். ஸ்ரீ' திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25க்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. கொள்கையில் தகராறு என்றால் பிள்ளையின் பணத்தில் கை வைப்பதா? இந்த அக்கிரமத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆறு: ஆசிரியராகப் போகும் பிள்ளைகளின் பயிற்சி நோட்டில், டீச்சருக்கு ஐந்து தலைப்பு இருப்பது போல, பிள்ளைக்கும் சில தலைப்புகள் வேண்டும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யாரிடம் கேள்வியே கேட்கப்படவில்லை, யாருக்கு எழுதத் தெரிந்தும் படிக்கத் தெரியவில்லை என்று எழுத இடம் வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் இருந்தவன்தான். மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் பத்து நாள், பதினைந்து நாள் பள்ளிக்குப் போக மாட்டேன். திரும்பிப் போனால் கணக்கு எங்கேயோ போயிருக்கும். ஒரு வாத்தியார் மட்டும், "காட்டு வேலையாடா?" என்று கேட்டு, சாயங்காலம் நிறுத்தி வைத்து விட்டுப் போனதைச் சொல்லிக் கொடுப்பார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியது அவரால்தான். இன்று அந்தப் பெண்ணும் தினம் மாலை அரைமணி நேரம் அந்தச் சிறுமியைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். பயிற்சி முடிய இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. பிறகு அவள் காலேஜுக்குத் திரும்பி விடுவாள். தை பிறந்தால் சூளை மேஸ்திரி முன்பணத்தோடு வந்து நிற்பான்.

அதற்கு முன்னால் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழு கூடப் போகிறது. சிறுமியின் தாயாரை அழைத்துக் கொண்டு, அந்தக் கிராமத்து விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் போவதாக ஏற்பாடு செய்திருக்கிறோம். பென்சில் குறிப்பை மையில் எழுதி எடுத்துக் கொண்டு போகிறோம். நீங்களும் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். கடைசி பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அது நம் பிள்ளையாகத்தான் இருக்கும்.